ஃபுரோடோ தோற்றானா? – காப்பியத் தலைவன் ஒருவனின் உள்நோக்கம்

முன்னுரை

ஒரு மாந்தன் என்ன செய்தான் என்பதைக் கதையே கூறிவிடும். ஏன் செய்தான் என்பதையோ கற்பவர்தாம் தேடிக் காண வேண்டும். பாத்திரத் திறனாய்வு தொடங்கும் இடம் இதுவே.

முதுகலை வகுப்பில் ஒப்பிலக்கியம் பயிற்றுவிக்கையில், மேனாட்டுக் கற்பனைக் காப்பியத்திற்குச் சான்றாக ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் நெடும்புனைவை நாம் எடுத்துக்காட்டுவதுண்டு. ஒருமுறை, “கதைத் தலைவனாகிய ஃபுரோடோ இறுதியில் ஆசைக்கு அடிமையாகித் தோற்றான், உண்மைத் தலைவன் அவன் தோழன் சாமே” என்று கூறிப் பாடத்தை முடித்தோம். மாணவி ஒருவர் எழுந்து, “அவ்வளவு தொலைவு சுமந்தவனைக் கடைசி அடியை மட்டும் வைத்து அளக்கலாமா, ஐயா?” என்று வினவினார். அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. நூலை மீண்டும் கற்று, அவ்வினாவிற்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

நூலும் கதையும்

டோல்கீன் (1892–1973) ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழி, இலக்கியத் துறைகளில் பேராசிரியராக விளங்கியவர். அவர் 1937-இல் ‘தி ஹாபிட்’ என்னும் சிறுவர் கதையை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கிய பெருங்கதை 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

சௌரான் என்னும் கொடியோன், உலகை அடிமைப்படுத்தும் பொருட்டுத் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பெய்து ஒரு மோதிரத்தைச் செய்கிறான். அஃது அவனை விட்டு நீங்கிப் பல கை மாறி, ஷயர் என்னும் அமைதி மிக்க நாட்டில் வாழும் ஹாபிட்டு என்னும் சிற்றுருவினருள் ஒருவராகிய பில்போவை அடைகிறது. அவருக்குப் பின் அவர்தம் உறவினனாகிய ஃபுரோடோவிடம் வருகிறது. மோர்டோர் நாட்டு எரிமலையில், அது வார்க்கப்பட்ட நெருப்பிலேயே இட்டாலன்றி அதனை அழித்தல் இயலாது. அப்பணியை ஏற்று, தோழன் சாமுடன் பல திங்கள் துன்புற்று எரிமலையை அடைகிறான் ஃபுரோடோ. ஆனால் நெருப்புப் பிளவின் விளிம்பில் நின்று, தான் செய்ய வந்ததைச் செய்யப் போவதில்லை, மோதிரம் தனக்கே உரியது என்று அறிவித்து அதனை விரலில் அணிந்துகொள்கிறான். ஒரு காலத்தில் அம்மோதிரத்தை வைத்திருந்து இழந்த கோல்லம் என்பவன் பாய்ந்து, அவன் விரலைக் கடித்துத் துண்டித்து மோதிரத்தைப் பறிக்கிறான்; மகிழ்ச்சி மிகுதியால் கூத்தாடி, நிலைதவறி நெருப்பில் வீழ்கிறான். மோதிரமும் அவனுடன் அழிகிறது.

வந்த வேலையை ஃபுரோடோ செய்யவில்லை, வேலையோ முடிந்துவிட்டது. இம்முரணே அவனது உள்நோக்கத்தை ஆராயத் தூண்டுகிறது.

ஆசையா, கடமையா?

தொடக்கம் முதலே அவன் உள்ளத்தில் மோதிர ஆசை இருந்தது என்பார் கூற்றுக்கு நூலிலேயே சான்று உண்டு. இரண்டாம் இயலில், மோதிரத்தின் வரலாற்றைக் கூறும் கேண்டால்ஃப் என்னும் முதியவர், அதனை வீட்டு அடுப்பில் எறிந்து பார்க்குமாறு சொல்கிறார். எறிய எண்ணியே கையில் எடுத்தவன், தன்னையறியாமல் அதனை மீண்டும் சட்டைப்பைக்குள் இட்டுக்கொள்கிறான். எரிமலையில் நிகழப்போவதன் வித்து இங்கேயே ஊன்றப்பட்டுள்ளது.

எனினும், அதே ஃபுரோடோ அம்மோதிரத்தைக் கேண்டால்ஃபிடமும், பின்னர்க் கலாட்ரியல் என்னும் அரசியிடமும் கொடுக்க முன்வருகிறான் என்பதும் நோக்கத்தக்கது. அவ்விருவரும் அதனை ஏற்க மறுக்கின்றனர். ஏற்றால் தாம் கெடுவோம் என்பதை அவர்கள் அறிவர். ரிவெண்டெல் அவையில் அனைவரும் வாளாவிருக்க, ஃபுரோடோ எழுந்து, வழி அறியேன் எனினும் நானே கொண்டு செல்வேன் என்கிறான். அவ்வேளையில் பில்போவின் அருகிருந்து இளைப்பாற வேண்டும் என்னும் ஏக்கமே அவன் நெஞ்சை நிறைத்திருந்ததாக ஆசிரியர் கூறுகிறார். புகழாசையோ ஆட்சி வேட்கையோ அவனை எழுப்பவில்லை. தன் நாடு பிழைக்க வேண்டும் என்னும் அன்பே எழுப்பியது. பேராற்றல் வாய்ந்தோர் எழுத அஞ்சிய தேர்வை எழுத அமர்ந்தவன் அவன். தேர்வை எழுதாதவர்க்குத் தோல்வி என்பது இல்லை என்பதை நாம் மறந்துவிடல் ஆகாது.

இரக்கம் என்னும் விதை

கோல்லத்தைக் கொல்ல வாய்ப்பிருந்தும் பில்போ கொல்லாமல் விட்டதை எண்ணித் தொடக்கத்தில் ஃபுரோடோ வருந்துகிறான். இரக்கத்தாலேயே பில்போ அவனைக் கொல்லவில்லை என்றும், அவ்விரக்கம் பலருடைய ஊழை முடிவு செய்யக்கூடும் என்றும் கேண்டால்ஃப் உணர்த்துகிறார். பின்னர்க் கோல்லம் தன் வாள்முனையில் அகப்படும்போது ஃபுரோடோவுக்கு அச்சொற்கள் நினைவுக்கு வருகின்றன. நேரில் கண்டபின் இரங்காதிருக்க அவனால் இயலவில்லை.

இவ்விரக்கத்தின் வேர் யாது? மோதிரத்தின் சுமையைத் தானும் சுமந்தமையால், அதனால் சிதைந்தவனின் துயரை அவன் உணர்கிறான். கோல்லத்தில் தன் எதிர்காலத்தையே காண்கிறான் எனலாம். அவன் திருந்தக்கூடும் என்று நம்ப விரும்புவது, தனக்கும் மீட்சி உண்டு என்று நம்ப விரும்புவதேயாகும். இவ்விரக்கத்தால் உயிர் பிழைத்திருந்த கோல்லமே இறுதியில் மோதிரம் அழியக் கருவியாகிறான்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். எரிமலைச் சரிவில், இனி என்னைத் தீண்டினால் நீயே நெருப்பில் எறியப்படுவாய் என்று கோல்லத்தை ஃபுரோடோ எச்சரிக்கிறான். ஆகவே நிகழ்ந்தது இரக்கத்தின் பயனன்று, மோதிர ஆற்றலோடு கூடிய சாபத்தின் பயனே என்பர் சிலர். இக்கருத்தும் தள்ளத்தக்கதன்று. ஆயின், சபிக்கப்படுவதற்கும் அவன் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும் அன்றோ? இரக்கம் இன்றேல் சாபத்திற்கும் இடமில்லை.

ஆசிரியர் கூற்றும் திரைப்படமும்

இவ்வினா டோல்கீனிடமும் எழுப்பப்பட்டது. 1963-ஆம் ஆண்டின் கடித வரைவு ஒன்றில் அவர் இதற்கு விரிவாக விடை எழுதினார்; 1981-இல் வெளிவந்த அவர்தம் கடிதத் தொகுப்பில் அது காணப்படுகிறது. ஃபுரோடோ தவறினான் என்பதை அவர் மறுக்கவில்லை; ஆனால் அஃது ஒழுக்கத் தவறன்று என்கிறார். பசியாலும் களைப்பாலும் நெடுநாள் வேதனையாலும் நலிந்தவன்மீது மோதிரத்தின் அழுத்தம் உச்சம் அடையும் அவ்விடத்தில் எவராலும் அதனை எதிர்த்து நிற்க இயலாது. தன்னால் இயன்றதனைத்தையும் செய்து, பணி நிறைவேறக்கூடிய நிலையை அவன் உண்டாக்கினான். கோல்லத்திடம் காட்டிய பொறுமையும் இரக்கமும் அவனுக்கே இரக்கமாகத் திரும்பின என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

2003-இல் வெளிவந்த மூன்றாம் திரைப்படம் இக்காட்சியை மாற்றிவிட்டது. அதில் மோதிரத்தை மீட்க ஃபுரோடோ கோல்லத்தோடு போராட, இருவரும் விளிம்பைத் தாண்டி விழுகின்றனர்; ஃபுரோடோ மட்டும் பாறையைப் பற்றித் தொங்குகிறான். நூலில் இப்போராட்டம் இல்லை. திரைப்படத்தை மட்டும் கண்ட மாணவர் ஆசையையே மிகுதியாகக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடு திரும்பியவன்

உள்நோக்கத்திற்கு இறுதிச் சான்று, பணி முடிந்தபின் வாழும் வாழ்க்கையில் உள்ளது. தன் நாட்டைச் சீரழித்த சாருமான், தன்னையே கத்தியால் குத்த முயன்றபோதும், அவனைக் கொல்லவேண்டா என்று ஃபுரோடோ தடுக்கிறான். ஆட்சியை விரும்பவில்லை, தன் நாட்டார் தனக்குரிய மதிப்பை அளிக்காதபோதும் குறைகூறவில்லை. ஆனால் ஆண்டுதோறும் காயமுற்ற நாள்களில் நோயுறுகிறான். ஒருமுறை, மோதிரம் போய்விட்டது, எல்லாம் இருளாகவும் வெறுமையாகவும் உள்ளது என்று அரற்றவும் செய்கிறான். ஆசையின் வடு முற்றிலும் ஆறவில்லை என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. முடிவில், தான் காத்த நாட்டில் தான் வாழ இயலாமல் கடல் கடந்து செல்கிறான்.

முதல் உலகப் போரில் 1916-இல் சோம் களத்தில் பணியாற்றியவர் டோல்கீன். 1918-க்குள் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் இறந்துவிட்டதைத் தம் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். தம் கதையை உருவகமாகக் கொள்வதை அவர் ஏற்கவில்லை. எனினும், வென்று திரும்பியும் ஆறாத புண்ணோடு வாழ்வோரை அவர் அறிந்திருந்தார் என்று கருதுவதில் தவறில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஃபுரோடோவிடம் ஆசையும் இருந்தது, அன்பும் இருந்தது என்பது தெளிவாகிறது. புறப்பட வைத்தது அன்பு; விளிம்பில் மேலோங்கியது மோதிரம்; இடையில் அவன் விதைத்த இரக்கமே அவனைக் காத்தது. ஒரு மாந்தனின் உள்நோக்கத்தை ஒரு செயலில் மட்டும் தேடாமல், செயல்களின் வரிசையில் தேடுதலே முறையான திறனாய்வாகும். மன உறுதியின்மை வேறு, வலிமை தீர்ந்துபோதல் வேறு என்னும் வேறுபாட்டையும் இக்கதை நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே நாளின் மூன்று மணி நேர விடைத்தாளைக் கொண்டு மாணவரை அளந்து பழகியவர்கள் நாம். அன்று வினவிய மாணவிக்கு இப்போது விடை கூறுகிறோம்: அளக்கலாகாது, அம்மா. கடைசி அடியில் இடறியவனை, அவன் நடந்து வந்த வழியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.