கல்லாச் சாவியும் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டும்

இரும்புப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் எந்த முதலாளியும் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். கல்லாவில் யார் உட்காரலாம், குடோன் சாவி யார் கையில், வசூலுக்குப் போகிறவர் எத்தனை மணிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால், "கணக்கு எழுதும் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியும், கடைப் பெயர்தானே!" என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது.

இரும்புப் பெட்டியில் இருப்பது ஓரிரு நாள் வசூல். கம்ப்யூட்டரில் இருப்பதோ பல வருட வியாபாரம். வாடிக்கையாளர் பாக்கி, கொள்முதல் விலை, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம் அத்தனையும் அதற்குள்தான். அதை எப்படிப் பூட்டுவது, யாருக்கு எவ்வளவு திறந்துவிடுவது என்பதை வணிக அன்பர்களுக்கு இங்கே விளக்குகிறோம்.

நடந்த ஒரு சம்பவம்

நமக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவர். கடையில் மூன்று கம்ப்யூட்டர், ஏழு ஊழியர்கள், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வருடக் கணக்கு முடிக்கும் சமயத்தில், வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர் கணக்கில் ரூ. 38,500க்கு ஒரு கிரெடிட் நோட் இருப்பது தெரிய வந்தது. அந்த வாடிக்கையாளர் சரக்கு எதையும் திருப்பி அனுப்பவில்லை. நோட்டைப் போட்டது யார் என்று கேட்டால், எல்லாரும் "நான் இல்லை" என்றார்கள்.

சந்தேகம் கணக்குப்பிள்ளை மேல் விழுந்தது. 22 வருடமாக அந்தக் கடையில் இருப்பவர். முதலாளி நேராக ஒன்றும் கேட்கவில்லை; ஆனால் பேச்சு மாறியது. நான்கு நாள் அவர் கடைக்கு வரவில்லை. பிறகு ஆடிட்டர் வந்து பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபோது விஷயம் வெளிவந்தது. அதே பெயரில் வேறொரு ஊரில் இன்னொரு கடை இருக்கிறது. அங்கிருந்து திரும்பி வந்த சரக்குக்கு நோட் போட்ட பில் பையன், பட்டியலில் தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டான். களவு இல்லை, கைத்தவறு மட்டுமே.

கணக்கு நேரானது. ஆனால் கணக்குப்பிள்ளை அடுத்த பொங்கலோடு வேலையை விட்டுவிட்டார். "நான் எடுக்கவில்லை என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லையே" என்று அவர் சொன்னதை அந்த முதலாளியே நம்மிடம் வருத்தத்துடன் கூறினார். ஆளுக்கொரு பெயரில் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டிருந்தால், அந்த நோட் யாருடையது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"தனித்தனி பாஸ்வேர்டு போட்டால் ஊழியர்களை நம்பவில்லை என்று ஆகிவிடாதா?" என்று தயங்கும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருக்கும் கடையில் குற்றம் செய்தவரைப் பிடிக்க முடியாது என்பது பாதி நஷ்டம். குற்றம் செய்யாதவரைக் காப்பாற்றவும் முடியாது என்பது மீதி நஷ்டம்.

பெயர், பாஸ்வேர்டு, அனுமதி

இம்மூன்றும் வெவ்வேறு. பெயர் என்பது, உள்ளே வருகிறவர் யார் என்று சொல்வது. பாஸ்வேர்டு என்பது, அவர்தான் இவர் என்று மெய்ப்பிப்பது. அனுமதி என்பது, உள்ளே வந்தவர் எதைத் தொடலாம் என்று வரம்பு கட்டுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் பலன் குறைவு.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு வந்த கதையும் இதுவே. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தம் குழுவினருடன் உருவாக்கினார். ஒருவர் கோப்பை மற்றவர் தொடாமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு தரப்பட்டது. மறு வருடமே அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டுகளை ஒரே தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் நம் வழக்கத்துக்கு இது நல்ல பாடம்.

யாருக்கு எவ்வளவு?

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன், ஒரு தாளில் கடையில் உள்ளவர்களின் பெயரை எழுதி, எதிரே அவரவர் வேலையை எழுதுங்கள். அந்த வேலைக்கு எது தேவையோ அது மட்டுமே அனுமதி. அதற்கு மேல் இல்லை. 1975இல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் வகுத்த பாதுகாப்பு விதிகளில் இதுவும் ஒன்று. நடுத்தர மொத்தக் கடைக்கு உதாரணமாக இப்படிப் பிரிக்கலாம்:

பில் போடுகிறவர்: விற்பனை பில் போடலாம், விற்பனை விலை பார்க்கலாம். போட்டு முடித்த பில்லைத் திருத்தவோ நீக்கவோ கூடாது. கொள்முதல் விலையும் இலாபமும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

குடோன் பொறுப்பாளர்: வந்த சரக்கைப் பதியலாம், இருப்பைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் பாக்கி அவருக்கு வேண்டாம்.

வசூல் பதிகிறவர்: வரவு பதியலாம், பாக்கிப் பட்டியல் எடுக்கலாம். கிரெடிட் நோட்டும் தள்ளுபடியும் போடக் கூடாது.

கணக்குப்பிள்ளை: எல்லாப் பதிவும் செய்யலாம். பழைய தேதியில் பதிவதும் பதிவை நீக்குவதும் முதலாளியின் ஒப்புதலோடு மட்டும்.

ஆடிட்டர்: எல்லாவற்றையும் பார்க்கலாம், அச்சிடலாம். எதையும் மாற்றத் தேவையில்லை.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பணத்தை வாங்குகிறவரும், பாக்கியைக் குறைத்து எழுதும் உரிமை உள்ளவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வசூலித்த பணத்தை வைத்துக்கொண்டு, "சரக்கு திரும்பி வந்தது" என்று நோட் போட்டுப் பாக்கியை நேர் செய்துவிடுவது பழைய தந்திரம். இரண்டு பேர் மட்டுமே உள்ள சிறு கடையில் இவ்வளவு பிரிக்க இயலாது. அங்கே நீக்கும் உரிமையையும் கிரெடிட் நோட்டையும் முதலாளி தம்மிடம் வைத்துக்கொண்டாலே போதும்.

டேலியில் செய்யும் முறை

நம் உறுப்பினர்கள் பலர் டேலி பயன்படுத்துவதால் அதையே எடுத்துக்கொள்வோம். டேலிபிரைமில் கம்பெனி விவரத்தைத் திருத்தும் பக்கத்தில், பயனர் அனுமதியைக் கட்டுப்படுத்தவா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று கொடுத்தால், நிர்வாகியின் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இந்த நிர்வாகி முதலாளியாகவே இருக்க வேண்டும்; டேலி போட்டுக் கொடுக்க வந்தவராக இருக்கக் கூடாது.

பிறகு ஆல்ட் விசையுடன் கே விசையை அழுத்தினால் வரும் பட்டியலில், பயனர் வகைகளையும் அவர்களுடைய பாஸ்வேர்டுகளையும் அமைக்கலாம். 'டேட்டா என்ட்ரி' என்ற வகை தயாராகவே இருக்கும். அதை அடிப்படையாக வைத்து, பில், குடோன், வசூல் என்று நம் தேவைக்கேற்பப் புது வகைகளை உருவாக்கலாம். ஒவ்வொரு வகைக்கும் அனுமதித்தவை ஒரு புறமும் மறுத்தவை ஒரு புறமும் இருக்கும். எத்தனை நாள் பின்தேதியிட்டுப் பதியலாம் என்றும் அங்கேயே வரையறுக்கலாம். கணக்கு முடித்த மாதத்தில் பிறகு கை வைக்காமல் தடுக்க இது மிகவும் உதவும்.

இன்னொன்று டேலிவால்ட். இது கம்பெனிக் கோப்பு முழுவதையும் குறியீடாக மாற்றிப் பூட்டுகிறது. டேலிக்குள் போடும் பாஸ்வேர்டு கணக்கைத்தான் காக்கும். கோப்பு இருக்கும் ஃபோல்டரை யாராவது பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு போவதை அது தடுக்காது. டேலிவால்ட் போட்டிருந்தால், எடுத்துப் போனாலும் அதன் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க இயலாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்தப் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மீட்டுத் தர வழி கிடையாது. ஆகவே அதை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டு லாக்கரில் வையுங்கள்.

வேறு புரோகிராம் வைத்திருப்போர்

சில கடைகளில் எக்செல் தாளிலேயே பாக்கிப் பட்டியல் ஓடுகிறது. எக்செல்லில் தாளுக்குப் போடும் பாதுகாப்பு, கை தவறி அழிந்துவிடாமல் இருப்பதற்கே. அது பூட்டு அல்ல. கோப்பைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு கேட்கும்படி அமைப்பதுதான் ஓரளவு பூட்டு.

மைக்ரோசாப்ட் அக்சஸில் எழுதிய பழைய புரோகிராம் வைத்திருப்போரும் உண்டு. முன்பு அதில் ஆளுக்கொரு அனுமதி தர முடிந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த புதிய கோப்பு வகையில் அந்த வசதி இல்லை. கோப்பு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டுதான். பழைய கோப்பைப் புதிய வகைக்கு மாற்றியவர்கள், இருந்த தடுப்பெல்லாம் போய்விட்டதை அறியாமல் இருக்கக்கூடும்.

தனியாகப் புரோகிராம் எழுதி வாங்கியவர்கள், உள்ளே இருக்கும் தரவுத்தளத்தின் தலைமைப் பாஸ்வேர்டு என்ன என்று எழுதியவரிடம் கேளுங்கள். 2002 மே மாதத்தில் பரவிய ஸ்பைடா என்ற கம்ப்யூட்டர் புழு, எஸ்.க்யூ.எல். சர்வரில் தலைமைப் பாஸ்வேர்டு வைக்காமல் காலியாக விட்டிருந்தவர்களைத் தேடித் தேடிப் புகுந்தது. பூட்டை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பாமல் விட்டது போன்ற நிலை அது.

பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும்?

கடைப் பெயர், பிள்ளைகள் பெயர், வண்டி எண், செல்போன் எண் இவை வேண்டாம். கடைக்கு வந்து போகிற யாரும் ஊகித்துவிடுவார்கள். 1979இல் மோரிஸ், தாம்ஸன் என்ற இருவர் 3,289 பாஸ்வேர்டுகளைத் திரட்டி ஆராய்ந்ததில், 86 சதவீதம் எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. மனிதர் இயல்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

எழுத்தையும் எண்ணையும் குறியையும் கலந்து, மாதம் ஒரு முறை மாற்று என்று முன்பெல்லாம் சொன்னார்கள். அப்படிச் செய்தால் மறந்துபோய்ச் சுவரில் எழுதி வைக்கிறோம். அமெரிக்காவின் தேசியத் தரம் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்க விடுங்கள், வெளியே தெரிந்துவிட்டால் உடனே மாற்றுங்கள் என்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். ஒரு பாஸ்வேர்டை ஒரு இடத்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். கணக்குக்கு வைத்ததே ஈமெயிலுக்கும் வங்கிக்கும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய ஜி.எஸ்.டி. விதிகள் 2017இல் 56ஆம் விதியின் 8ஆம் உட்பிரிவு, கணக்கை மின்னணு முறையில் வைத்திருப்பவர்கள், திருத்திய அல்லது நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 57ஆம் விதி முறையாகப் பேக்கப் எடுத்து வைக்கச் சொல்கிறது. இவை தனி நபர் கடைக்கும் பொருந்தும். பிரைவேட் லிமிடெட் உள்ளிட்ட கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இன்னும் கண்டிப்பு: திருத்தங்களைத் தேதியோடு தானே பதியும், அப்பதிவை நிறுத்த முடியாத மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும்.

இந்தக் குறிப்பில் திருத்தியவர் பெயரும் விழும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால், ஆயிரம் திருத்தத்துக்கும் ஒரே பெயர்தான் விழும். அதனால் யாருக்கும் பயனில்லை.

வேலையை விட்டுப் போகிறவர்

ஊழியர் விலகினால் அன்று மாலையே குடோன் சாவியை வாங்கிவிடுகிறோம். அவருடைய பயனர் பெயரையும் அன்றே நிறுத்த வேண்டும். ஆனால் அவர் முன்பு செய்த பதிவுகள் அவர் பெயரிலேயே இருக்கட்டும். அந்தப் பெயரைப் புது ஆளுக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவு செய்தபோது யாருடைய செல்போனும் ஈமெயிலும் கொடுக்கப்பட்டன என்பதையும் பாருங்கள். கணக்கு பார்ப்பவருடையதைக் கொடுத்திருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். அவர் விலகிய பின் நம் கணக்கை நாமே திறக்க அலைய வேண்டி வரும். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கவும், வேண்டாதபோது முடக்கவும் வசதி உண்டு. பில் போடுகிறவருக்கு முதலாளியின் பாஸ்வேர்டைச் சொல்வதற்குப் பதில் அந்த வசதியைப் பயன்படுத்தலாம்.

இந்த வாரமே செய்யக் கூடியவை

1. யாருக்கு என்ன வேலை என்று தாளில் எழுதுங்கள்.
2. முதலில் முழுப் பேக்கப் ஒன்று எடுத்துத் தனியே வையுங்கள்.
3. நிர்வாகிப் பாஸ்வேர்டை முதலாளி தாமே போடட்டும்.
4. ஆளுக்கொரு பெயர் உருவாக்கி, அந்தப் பாஸ்வேர்டை அவரவரையே போடச் சொல்லுங்கள்.
5. விலகியவர்களின் பெயர்களை நிறுத்துங்கள்.
6. மாதம் ஒரு முறை திருத்திய, நீக்கிய பதிவுகளை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

இவற்றைச் செய்யும் அன்று ஊழியர்களைக் கூப்பிட்டு, ஏன் செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். "நாளை ஒரு தவறு வந்தால் அது உன்னுடையது அல்ல என்று காட்டுவதற்கும் இது உதவும்" என்று விளக்கினால், மறுப்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். மேலே சொன்ன மளிகை வியாபாரி இப்போது ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார். அவர் நம்மிடம் சொன்னது இதுதான்: "ஒரு வருடம் முன்பே செய்திருந்தால் எங்கள் கணக்குப்பிள்ளை இன்றும் அந்த நாற்காலியில் இருந்திருப்பார்."