பழுது பார்க்க வந்தவர் வீட்டுக்குள் அத்துமீறினால்: சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

கோலார் தங்கவயல்: குழாயைப் பழுது பார்க்க வந்தவர் வேலையை நிறுத்திவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்கிறார். முதலில் அது சாதாரணக் கேள்வியாகவே படுகிறது. அடுத்து உடையைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. பிறகு வழியை மறித்து நிற்கிறார், கைப்பேசியில் ஏதோ ஒரு காணொளியைக் காட்ட முனைகிறார். இத்தகைய அனுபவத்தைப் பல பெண்கள் வெளியே சொல்வதில்லை. 'நாம்தானே கதவைத் திறந்து உள்ளே விட்டோம்' என்ற எண்ணம் வாயைக் கட்டிவிடுகிறது.

சட்டத்தின் பார்வை இதற்கு நேர்மாறானது. வேலைக்காக ஒருவரை வீட்டுக்குள் அனுமதிப்பது, அந்த வேலைக்கு மட்டுமே தரப்படும் அனுமதி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. முறைப்படி உள்ளே வந்த ஒருவர், அங்கிருப்பவரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ எண்ணிச் சட்டவிரோதமாக அங்கேயே தங்கினால், அதுவும் அத்துமீறி நுழைந்த குற்றமே. அது குடியிருக்கும் வீடாக இருந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆகவே 'வெளியே போங்கள்' என்று சொல்லும் சொல்லுக்குச் சட்ட மதிப்பு உண்டு. அதைக் காரணம் கூறாமலும் சொல்லலாம்; வேலை பாதியில் நின்றாலும் சொல்லலாம்.

நந்திதுர்க் போன்ற பகுதியில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. தங்கச் சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, தங்கவயலிலிருந்து ஏராளமானோர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அவர்கள் புறப்பட்டுப் போனபின் பகலில் பல வீடுகளில் முதியோரோ, தனியாக ஒரு பெண்ணோ, விடுமுறையில் இருக்கும் மாணவியோதான் இருப்பர். சிலிண்டர் வருவதும், எலக்ட்ரீஷியன் வருவதும், தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியைச் சரிபார்க்க ஆள் வருவதும் அந்த நேரத்தில்தான். வருபவர் நிறுவன ஊழியராக இருக்கலாம். அடுத்த தெருவில் வசிப்பவராக, கணவருடன் ஒன்றாகப் படித்தவராகவும் இருக்கலாம். இரண்டு சூழ்நிலைகளிலும் அவருக்கு முகவரி தெரியும், கைப்பேசி எண் தெரியும். புகார் தரத் தயங்குவதற்கு இந்த அச்சமே பெரிய காரணம்.

அந்த நிமிடத்தில் செய்யவேண்டியது

தொல்லை தருபவருடன் வாதிடுவதைவிட அவரிடமிருந்து விலகுவதே முதல் வேலை. அவர் வெளியேறவில்லையென்றால் வீட்டிலிருப்பவர் வாசலுக்கோ தெருவுக்கோ வந்துவிடலாம். பொருட்களைப் பற்றிய கவலை பிறகு. சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளில் உரக்கக் கூப்பிட்டால் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும். அங்கே அது கைப்பேசியைவிட வேகமான உதவி. காவல்துறை அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களை அழைக்கலாம். அழைக்கும்போது பெயருக்கு முன்பாக இடத்தைச் சொல்வது நல்லது. இணைப்பு பாதியில் துண்டிக்கப்பட்டாலும் எங்கே வரவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

கையைப் பிடித்தாலோ, அறைக்குள் தள்ள முயன்றாலோ தற்காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்பதே அதற்குள்ள வரம்பு. ஆனால் பாலியல் வன்கொடுமை நோக்கத்துடன் நடக்கும் தாக்குதலைத் தடுக்கும்போது, தாக்கியவர் உயிரிழக்க நேர்ந்தாலும் தற்காப்பு உரிமை பொருந்தும் என்று 38-வது பிரிவு கூறுகிறது.

சிலர் அந்த நேரத்தில் எதுவும் செய்ய முடியாமல் உறைந்து நின்றுவிடுகின்றனர். வேலை முடியும்வரை பேசாமல் இருந்து, கூலியையும் கொடுத்து அனுப்பியிருப்பர். அச்சத்தில் உடல் இப்படி எதிர்வினை புரிவது இயல்பு. கத்தவில்லை, எதிர்க்கவில்லை என்பது சம்மதம் ஆகாது. கூலி கொடுத்துவிட்டதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடுவதும் இல்லை.

தொட்டால்தான் குற்றமா?

தொடவில்லை, வெறும் பேச்சுத்தானே என்று பலர் விட்டுவிடுகின்றனர். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-வது பிரிவு அப்படி விடவில்லை. விருப்பத்துக்கு மாறான பாலியல் நோக்குள்ள தொடுதல், பாலியல் இணக்கம் கோருதல், பெண்ணின் விருப்பத்துக்கு எதிராக ஆபாசப் படம் காட்டுதல் ஆகியவற்றுக்கு இப்பிரிவில் 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. பாலியல் சாயல் கொண்ட பேச்சுக்கு மட்டும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்குடன் சொல்லப்படும் சொல், எழுப்பப்படும் ஒலி, செய்யப்படும் சைகை, அவரது தனிமைக்குள் தலையிடுதல் ஆகியவை 79-வது பிரிவின்கீழ் வரும். இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

மானபங்க நோக்குடன் கைவைத்தால் 74-வது பிரிவு. ஓராண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை. பிணையில் விடத்தகாத குற்றம். ஆடையைக் களையும் நோக்கத்துடன் தாக்கினால் 76-வது பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டுகள். குளியலறையில் எட்டிப் பார்ப்பது, கைப்பேசியையோ கேமராவையோ மறைத்து வைத்துப் படமெடுப்பது 77-வது பிரிவில் அடங்கும். வேலை முடிந்து போனபின் அந்த எண்ணிலிருந்து, வேண்டாம் என்று சொன்ன பிறகும் மீண்டும் மீண்டும் அழைப்பும் செய்தியும் வந்தால் 78-வது பிரிவு, அதாவது பின்தொடர்தல்.

இது சின்ன விஷயம் என்ற வாதம் நீதிமன்றத்திலும் எழுந்திருக்கிறது. 1988-ல் சண்டிகரில் ஓர் அதிகாரியின் வீட்டு விருந்தில், மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜிடம் அப்போதைய பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற வழக்கு, அற்பமான செயல் என்ற காரணத்துடன் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி வழக்கை நடத்த உத்தரவிட்டது. 1996-ல் விசாரணை நீதிமன்றம் கில்லைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நடந்த இடம் ஒரு வீடு. குற்றம் சாட்டப்பட்டவரோ மாநிலக் காவல்துறைக்கே தலைவர்.

புகாரில் என்ன எழுதப்படுகிறது?

வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் புகாரில் உள்ள சொற்கள்தான். 'தகாத முறையில் நடந்தார்', 'தகராறு செய்தார்' என்று எழுதினால் எந்தக் குற்றம் நடந்தது என்பதே மறைந்துபோகும். சேலையைப் பிடித்து இழுத்தார், தோளில் கைவைத்தார், இன்ன சொல்லைச் சொன்னார், கதவை உட்புறமாகத் தாழிட்டார் என நடந்தது நடந்தபடி இருக்கவேண்டும். கூச்சத்தால் விட்டுவிடும் ஒரு சொல், 74-வது பிரிவில் வரவேண்டிய வழக்கைச் சாதாரணத் தகராறாகச் சுருக்கிவிடக்கூடும். போகச் சொன்னதையும் அவர் போகாததையும் குறிப்பிடவேண்டும்.

தங்கவயல் தமிழர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ளவேண்டியிருக்கிறது. கர்நாடகக் காவல் நிலையங்களில் பதிவுகள் கன்னடத்தில் எழுதப்படுகின்றன. கன்னடம் பேசத் தெரிந்த பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாய்மொழியாகச் சொல்லும் புகாரை எழுத்தில் பதிந்து, புகார்தாரருக்கு வாசித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்கவேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. வாசிக்கப்பட்டது புரியவில்லையென்றால் மொழி தெரிந்த ஒருவரை வைத்து விளக்கம் கேட்டபிறகு கையெழுத்திடுவதே முறை. முதல் தகவல் அறிக்கையின் நகலும் கட்டணமின்றித் தரப்படவேண்டும்.

மேற்சொன்ன 74 முதல் 79 வரையிலான குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் காவல் அதிகாரியோ வேறு பெண் அதிகாரியோதான் பதியவேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது அல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது. பெங்களூரில் வேலை செய்யும் மகள் அங்கிருந்தபடியேகூடப் புகாரைத் தொடங்கிவைக்கலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் கையெழுத்திடவேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்கவேண்டும். நிலையத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்தக்கூடாது.

புகாரைப் பதிய மறுத்தால், அதை எழுதி அஞ்சலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். தங்கவயல் தனிக் காவல் மாவட்டம் என்பதால், அனுப்பவேண்டியது கோலார் கண்காணிப்பாளருக்கு அல்ல, தங்கவயல் கண்காணிப்பாளருக்கு. அதிலும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். 74, 76, 79 உள்ளிட்ட பிரிவுகளில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்பதும் தடையாகாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஆதாரம் இல்லையே என்ற தயக்கமும் பலரிடம் உண்டு. மூடிய வீட்டுக்குள் நடப்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி கிடைப்பது அரிது. ஒரு நிகழ்வை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கும் சட்டத்தில் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமே சான்று. அதற்குத் துணையாக முன்பதிவுச் செய்தி, அழைப்புப் பட்டியல், பணம் அனுப்பிய பதிவு, ரசீது ஆகியவை அந்த நபர் அந்த நேரத்தில் அங்கிருந்தார் என்பதைக் காட்டும். ஆத்திரத்தில் எண்ணை முடக்கிச் செய்திகளை அழித்துவிடுவது எளிது. திரைப்பதிவு எடுத்துவைத்த பின்னரே முடக்கவேண்டும். உடனே அழைத்துச் சொன்ன தோழியோ தங்கையோ பின்னர் முக்கியச் சாட்சியாகலாம்.

அந்த நபரின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு எச்சரிக்கத் தோன்றுவது இயல்பு. அது அவதூறு வழக்குக்கு வழிவிடக்கூடும். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் அளிக்கும் புகார் அவதூறாகாது என்று சட்டமே விலக்களித்திருக்கிறது. ஆகவே காவல் நிலையம் முதலில், வாட்ஸ்அப் பிறகு என்ற வரிசை பாதுகாப்பானது.

நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டா?

வந்தவர் ஒரு நிறுவனத்தின் ஊழியரென்றால், அந்நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் அனுப்பவேண்டும். அதே நபரை அதே முகவரிக்கு மீண்டும் அனுப்பாமலிருக்கவும், அவரது விவரங்களைப் பாதுகாத்து வைக்கவும் கேட்கலாம். இது காவல்துறைப் புகாருக்கு மாற்று அல்ல. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். பணியிடம் தொடர்பாகப் புகார் தரும் பெண் அங்கு வேலை செய்பவராக இருக்கவேண்டியதில்லை. பணியின் பொருட்டு ஊழியர் செல்லும் இடமும் பணியிடம் என்ற வரையறைக்குள் அடங்கும். இக்குழுவிடம் 3 மாதங்களுக்குள் புகார் தரவேண்டும்.

செயலி வழியாக ஆட்களை அனுப்பும் நிறுவனங்களோ, வருபவர் எங்கள் ஊழியரே அல்லர் என்கின்றன. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி ஒரு வாடகைக் கார் வழக்கில் நேரடியாக எழுந்தது. 2018-ல் பெங்களூரில் ஓலா காரில் சென்ற பெண், ஓட்டுநர் கைப்பேசியில் ஆபாசப் படம் பார்த்தபடி அநாகரிகமாக நடந்துகொண்டதாகப் புகார் அளித்தார். ஓட்டுநர்கள் தங்கள் ஊழியர்கள் அல்லர் என்று நிறுவனத்தின் குழு விசாரிக்க மறுத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று நீதிபதி எம்.ஜி.எஸ். கமல், இச்சட்டத்தின் நோக்கில் ஓட்டுநரையும் ஊழியராகவே கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்து, 90 நாட்களில் விசாரணையை முடிக்கவும், அப்பெண்ணுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் 50,000 ரூபாய் வழக்குச் செலவும் தரவும் உத்தரவிட்டார். அடுத்த சில நாட்களில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. வீட்டுக்கு வரும் செயலித் தொழிலாளர்கள் விஷயத்திலும் இதே கேள்விதான் நிற்கிறது.

இதே சட்டத்தில் வீடு என்ற சொல் நேரடியாக இடம்பெறுவது வேறொரு பெண்ணுக்காக. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அந்த வீடே பணியிடம். அங்கு தொல்லை நேர்ந்தால் அவர் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். முகாந்திரம் இருந்தால் 7 நாட்களுக்குள் அக்குழு புகாரைக் காவல்துறைக்கு அனுப்பவேண்டும்.

தெரிந்தவர் என்றால்

உள்ளூர்க்காரர் மீது புகார் என்றால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கலாம் என்ற யோசனை வரும். மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்புவதில் அந்தப் பெண்ணுக்கே சம்மதம் என்றால் அது அவரது முடிவு. ஆனால் 74, 75-வது பிரிவுகளில் வழக்குப் பதிவான பிறகு, சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டினால் அது தனிக் குற்றம். அதையும் தேதியுடன் எழுதிவைத்துக் காவல் நிலையத்தில் சேர்க்கலாம்.

தொல்லைக்கு ஆளானவர் 18 வயது நிரம்பாதவரென்றால் பேசி முடிப்பதற்கே இடமில்லை. சிறுமியோ சிறுவனோ, போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098.

காலதாமதமாகப் புகார் கொடுத்தால் எடுபடாது என்பதும் முழு உண்மையல்ல. தாமதத்துக்கான காரணத்தை விளக்கினால் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் ஓராண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஓராண்டும், 3 ஆண்டு வரை தண்டனையுள்ளவற்றுக்கு 3 ஆண்டும் காலவரம்பாக உள்ளன. பேச்சால் மட்டும் நேர்ந்த தொல்லைக்கு 75-வது பிரிவில் கிடைப்பது அந்த ஓராண்டுதான். புகார் கொடுத்தபின் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதை 90 நாட்களுக்குள் காவல்துறை புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்கவேண்டும்.