உங்களுக்குத் தெரியுமா? காரின் பெட்ரோல் குழாய்

● எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். அவற்றைத் தேய்க்க எதையாவது கொறித்தாக வேண்டும். ஸ்ரீரங்கம் சித்திரை வீதி ஓரத்தில் நாள்கணக்கில் நிற்கும் காரின் பெட்ரோல் ஹோஸும் அதற்குத் தோதான இரைதான்.

● இன்று பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பழைய கார்களின் ரப்பர் ஹோஸ் இதில் ஊறி உப்பி, வெடிப்பு விடலாம். திருச்சி வெயில் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

● கசிவை சைக்கிள் டியூப் சுற்றி அடைப்பது வீண். அந்த ரப்பரே பெட்ரோலில் உப்பிவிடும். ஹோஸையே மாற்றுங்கள். வாங்கும்போது மேலே ‘ஜே30 ஆர்9’ என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதுதான் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கானது.

● இன்ஜெக்‌ஷன் காரில், இன்ஜினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கும். ஓடும்போது அது சுமார் 3 முதல் 4 பார். டயர் காற்றைவிட அதிகம். பம்ப் ஃபியூஸைக் கழற்றி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறிய பின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஹோஸில் கை வைக்க வேண்டும்.

● பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அடைத்த ஷெட்டில் வேலை வேண்டாம். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் அருகில் எரியக்கூடாது.

● கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இன் ரப்பர் ஹோஸை வீட்டிலேயே மாற்றலாம். இரும்பு, நைலான் குழாய் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.