கூத்துக் களரியும் கலைஞர் ஊதியமும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகின்றன. வட்டக்களரியைச் சூழ்ந்திருந்து விடியுமளவும் காண்போர் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை. இதுகொண்டு, கூத்து விலையின்றிக் கிடைக்கும் கலை என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்தல் தகும்.

கூத்து ஓரிரவில் உருவாவதன்று. ஊரார் அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைப்பர். சட்டங்கொடுத்தல், சலங்கை கட்டுதல் முதலிய படிகளைக் கடந்து அரங்கேற்றம் வரையும், பல மாதங்கள் அவர் ஆட்டமும் பாட்டும் பழக்குவார். உடை, ஒப்பனைச் செலவின் பெரும்பகுதியை ஆடுவோரின் குடும்பத்தார் ஏற்பர். அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுங்கால் இல்லத்தார் அன்பளிப்பு வழங்குவர். அண்ணாவியாருக்கு வேட்டி சால்வையும் பணமும் தந்து ஊர் சிறப்புச் செய்யும். காண்பார் தனித்தனியே கொடாததை ஊர் ஒருங்குகூடிக் கொடுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையா அம்முயற்சிக்குத் துணைநின்றார். கற்றோர் அவையிற் கூத்து மதிப்புப் பெற்றமை இதன் பெரும் பயனாகும். ஆயின், களரியை விட்டு மேடைக்குக் கூத்து வந்தபோது இலவசமாகக் காணும் வழக்கம் உடன்வந்தது. ஊரார் தாங்கிய பொறுப்பு உடன்வரவில்லை. இன்று ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு அழைப்போர் பலர், பொன்னாடையும் சான்றிதழும் போதுமென எண்ணுகின்றனர். மத்தளத்துக்குத் தோல் மாற்றப் பொன்னாடை உதவாது. ஒளிப்பதிவு செய்து எங்கணும் பரப்பும்போதும் ஆடியவருக்கு அதனால் வருவது யாதுமில்லை.

இதற்கு வழி யாது? 1946இல் தென்மார்க்கு நாட்டிலே நூலகத்தில் இரவலாகப் படிக்கப்படும் நூல்களுக்காக எழுத்தாளருக்கு அரசு பணம் வழங்கும் முறை தோன்றியது. வாசகர் பணம் கொடாமலே படித்தனர். எழுதியவரும் ஊதியம் பெற்றார். நம் ஊர்கள் கூத்துக்குச் செய்ததும் இத்தகையதே. ஆதலின், கூத்தை அழைக்கும் கல்லூரியும் கோயிலும் திணைக்களமும் பழைய ஊரின் இடத்தில் நின்று பொறுப்பேற்றல் வேண்டும். மேடையில் நின்ற நேரத்தை மட்டுமன்றிப் பழக்கிய நாட்களையும் கணக்கிடுதல், மத்தளம், உடை, பயணம் ஆகியவற்றுக்குத் தனியே கொடுத்தல், ஒளிப்பதிவுக்கு முன்கூட்டியே இசைவும் ஊதியமும் பேசுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

வறியவரும் சிறுவரும் விலையின்றிக் கூத்துக் காணும் வழக்கம் நன்று. அதனைக் காத்தல் நம் கடன். அச்செலவை அண்ணாவியாரின் தலையிற் சுமத்துவோமாயின், அவர் மைந்தர் மத்தளத்தைத் தொடமாட்டார். காண்பதற்குக் கூத்தும் எஞ்சாது.