சாயணும் ஸார்... சாயணும்!

டொரன்டோ சிட்டி ஹாலுக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் ஸ்கொயர் என்று ஒரு பெரிய சதுக்கம். வெயில் காலத்தில் அங்கே ஒரு அழகான தண்ணீர்த் தொட்டி. பனிக்காலம் வந்துவிட்டால் அதே தொட்டியை உறையவைத்து ஐஸ் ஸ்கேட்டிங் தளமாக்கி விடுகிறார்கள். இறங்கி ஆட அனுமதி இலவசம். ஓசி என்றால் நம்ம ஆள் விடுவானா? ஆபீஸிலிருந்து நாலு பேர் கிளம்ப, நானும் வாடகைக்கு ஒரு ஜோடி ஸ்கேட் எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

இறங்கினேன் என்பது மரியாதைக்காகச் சொன்னது. பக்கத்து ஸீட்காரனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்பதே உண்மை. முக்கால் மணி நேரம் அவனும் பொறுமையாக என்னை இழுத்துக்கொண்டு போனான், பழுதான ஸ்கூட்டரைத் தள்ளுகிற மாதிரி. நாலு வயசுப் பொடியன் ஒருத்தன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். திரும்பி என்னைப் பார்த்தான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை ஸார், பரிதாபப்பட்டான்!

அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். கோச் வைத்துக்கொள்ள முதல் வருஷச் சம்பளம் இடம் கொடுக்காது. ஆனால் கையில் போன் இருக்கிறது. யூடியூபில் 'ஸ்கேட்டிங் எட்ஜ்' என்று தட்டினால் பாடங்கள் கொட்டுகின்றன. கோச்கள் பனியில் நின்று, ஒவ்வொரு அசைவையும் பிட்டுப் பிட்டு வைக்கிறார்கள். வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துப் பார்க்கலாம். நூறு தடவை திருப்பிப் போட்டாலும் 'எத்தனை வாட்டி சொல்றது?' என்று அலுத்துக்கொள்ளாத வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்?

நான் குடியிருந்தது ஸ்கார்பரோவில், யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டு பேஸ்மென்டில். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த ஆறடி இடத்தில், காலில் ஸாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்து ஒரு காலில் நின்று பழகினேன். மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மா படியில் இறங்கி வந்தார்.

"என்ன தம்பி, நிலத்தோட சண்டை பிடிக்கிறீரோ?"

விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, கவனம் தம்பி. என்ர மகன் சின்னனிலை பழகினவன். அவனே விழுந்து எழும்பினவன்தான்" என்று சொல்லிவிட்டு, ஒரு தட்டில் புட்டு வைத்துவிட்டுப் போனார்.

அது என்ன எட்ஜ்?

ஐஸ் ஸ்கேட்டின் அடியில் இருக்கும் பிளேடை நாம் சவர பிளேடு மாதிரி ஒற்றைக் கூர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. நடன ஸ்கேட்டின் பிளேடு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு மெல்லிய பள்ளம் கடைந்திருப்பார்கள். பள்ளத்தின் இரண்டு கரையும்தான் இரண்டு விளிம்புகள். இன்னொரு காலைப் பார்த்து இருப்பது உள் விளிம்பு, வெளியே பார்த்து இருப்பது வெளி விளிம்பு. போதாததற்கு, பிளேடு முழுக்கவே நாற்காலி ஊஞ்சலின் கால் போல முன்னும் பின்னும் லேசாக வளைந்திருக்கும்.

நேராக நின்றால் இரண்டு விளிம்பும் தரையைத் தொடும். நேர்கோட்டில் போவீர்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் பனியைக் கடிக்கும், பாதை தானாக வளையும். சைக்கிளில் வேகமாகத் திருப்பத்தில் போகும்போது ஹேண்டில்பாரை ஒடிக்கிறோமா என்ன? சாய்கிறோம், அவ்வளவுதான். அதே சங்கதி. வலது கால், இடது கால், உள், வெளி, முன்னோக்கி, பின்னோக்கி... பெருக்கிப் பார்த்தால் மொத்தம் எட்டு. ஒலிம்பிக்ஸில் பம்பரமாகச் சுழல்கிறார்களே, அவர்களுடைய முதலீடும் இந்த எட்டுதான்.

இதில் உள் விளிம்பு சுலபம். உள்பக்கம் சாய்கிறீர்கள். தடுமாறினால் இன்னொரு கால் அங்கேயே இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். வெளி விளிம்பு அப்படி இல்லை. வலது காலில் நின்று வலது பக்கமே சாயணும். அந்தப் பக்கம் தாங்க யாரும் இல்லை. சும்மா இருக்கிற இடது கால் எதிர்ப்பக்கத்தில், உதவிக்கு வராத தூரத்தில் இருக்கிறது. 'சாய்ந்தால் விழுவாய்' என்று மூளை கத்துகிறது. 'சாயாவிட்டால்தான் விழுவாய்' என்கிறது வீடியோ. நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள்? நான் மூளை பேச்சைக் கேட்டேன்.

ஆனால் சாய்ந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்! எங்கள் பேட்டை ஸ்கேட்டிங் தளத்தில், தடுப்புப் பலகை மேல் போனைச் சாய்த்து வைத்து என்னை நானே படம் எடுத்தேன். என் மனசில் ஆகாய விமானம் சிறகைச் சாய்த்துத் திரும்புகிற மாதிரி ஒரு காட்சி. படத்தில் ஒரு தந்திக் கம்பம் நேராக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. இடுப்புக்கு மேலே மட்டும் ஒடிந்து, குனிந்து, கோவில் வாசலில் செருப்பு தேடுகிறவன் மாதிரி இருந்தேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் எல்லாம் ஒரே கோடாகச் சாயவேண்டும் என்று வாத்தியார் பன்னிரண்டு தடவை சொல்லியிருந்தார். கேட்டேன், தலையாட்டினேன். உடம்புக்குச் சேதி போகவில்லை.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. வாத்தியார் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலது கை நமக்கு இடது பக்கம். வெளி விளிம்பில் போகும்போது, எந்தக் காலில் நிற்கிறோமோ அந்தப் பக்கத் தோள் முன்னால் வரவேண்டும். நான் இரண்டு வாரம் அக்கறையாக எதிர்த் தோளை நீட்டிக்கொண்டிருந்தேன். (முதுகுப்புறமிருந்து எடுத்த பாடமாகத் தேடிப் பாருங்கள். என் இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சம்.)

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. வலது கால், வெளி விளிம்பு, நிஜமாகவே சாய்ந்தேன். பிளேடு கடிக்கவில்லை. சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனது. விழும்போது கையை நீட்டி ஊன்றக்கூடாது, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் இடுப்பில் விழவேண்டும் என்பது முதல் வீடியோவின் முதல் பாடம். அதைத்தான் நான் தாண்டி ஓட்டிவிட்டுப் பார்த்தவன். விழுவதற்கு என்ன ஸார் பயிற்சி என்ற திமிர்!

வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஊரில் அம்மாவுக்குச் சொல்லவில்லை. வாரா வாரம் வீடியோ காலில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினேன். மூன்றாவது வாரம் இடது கையால் காபி குடித்து மாட்டிக்கொண்டேன்.

"அந்தக் கையை மேலே தூக்கு பார்ப்போம்."

தூக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஐஸ் மேல வழுக்கி விழறதுக்காடா உன்னை இன்ஜினீயரிங் படிக்க வெச்சேன்? அங்கே யார்டா உனக்குத் தலை வாரி விடறா?" என்றாள். முப்பது வயசு ஆசாமியிடம் கேட்கிற கேள்வியா? சிரிக்கப் பார்த்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். 'சார்ஜ் தீரப்போகுதும்மா' என்று வைத்துவிட்டேன்.

இடது கை சும்மா இருக்குமா? பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். ஸ்கேட்டிங் போட்டிகளில் 'கம்பல்சரி ஃபிகர்ஸ்' என்று ஒன்று இருந்தது. பாட்டு கிடையாது, தாவல் கிடையாது. வெறும் பனியில் எட்டு மாதிரி கோடு போடவேண்டும். ஒரு வட்டம் ஒரு காலில், அடுத்தது மறு காலில். போட்ட கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போகவேண்டும். முடிந்ததும் நடுவர்கள் மண்டி போட்டு, மளிகைக்கடைக்காரர் கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் அந்தக் கோட்டை ஆராய்வார்கள். ஒரு காலத்தில் மொத்த மார்க்கில் 60 சதவீதம் இதற்குத்தான்!

1972-ல் ஸப்போரோ ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா தங்கம் வாங்கியது இந்தக் கோடுகளால்தான். தாவி ஆடும் பகுதியில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். அந்தப் பகுதியில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்குக் கடைசியில் வெண்கலம். டி.வி.யில் ஆட்டத்தை மட்டும் பார்த்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோடு போடுவதை உட்கார்ந்து பார்க்க யாருக்குப் பொறுமை? 1990-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்து அதை எடுத்தே விட்டார்கள்.

எடுத்தாலும் விளிம்பு விடுவதாயில்லை. நார்வேக்காரர் ஆக்ஸல் பால்ஸன் 1882-ல் கண்டுபிடித்த தாவல் இன்றைக்கும் அவர் பெயரில் இருக்கிறது. அது கிளம்புவது முன்னோக்கிய வெளி விளிம்பிலிருந்து. 2022-ல் அமெரிக்க இளைஞர் இலியா மலினின் அதையே நாலரைச் சுற்றாகச் சுற்றிப் போட்டியில் முதல்முதலாக இறங்கிக் காட்டினாரே, அவரும் புறப்பட்டது நான் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட அதே விளிம்பில்தான்! லுட்ஸ் என்ற தாவல் இன்னும் வேடிக்கை. பின்னோக்கிய வெளி விளிம்பிலிருந்து, வந்த வளைவுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றவேண்டும். பெரிய பெரிய வீரர்களே கடைசி நொடியில் உள் விளிம்புக்கு நழுவிவிடுகிறார்கள். நடுவர்கள் மெதுவாக ஓட்டிப் பார்த்து 'இ' போட்டு மார்க்கைக் குறைக்கிறார்கள். எட்ஜ் தப்பு என்பதற்கு 'இ'. மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

கென்யாவின் ஜூலியஸ் யேகோவைப் பற்றியும் அப்போதுதான் படித்தேன். யூடியூப் பார்த்தே ஈட்டி எறியப் பழகி, 2015-ல் பெய்ஜிங் உலகப் போட்டியில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியவர். வீடியோவில் கற்கிற எல்லோருக்கும் குலதெய்வம். ஆனால் அவரும் நடுவில் பின்லாந்து போய் ஒரு கோச்சிடம் பயிற்சி எடுத்திருக்கிறார். எறிந்த ஈட்டி எங்கே விழுந்தது என்று டேப் வைத்து அளந்துவிடலாம். நான் எந்த விளிம்பில் போகிறேன் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

பனியே சொல்லும் என்று அந்த மண்டி போட்ட நடுவர்கள்தான் எனக்குக் காட்டிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரியில் கட்டுப் பிரித்ததும், முதலில் ஸ்கேட்டைத் தூக்கிக்கொண்டு சாணை பிடிக்கிற கடைக்குப் போனேன். நான் வைத்திருந்தது செகண்ட்ஹாண்ட். கடைக்காரர் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை லேசாக இழுத்துப் பார்த்தார். கூராக இருந்தால் நகம் மெல்லிசாகச் சீவி வரவேண்டுமாம். ஒன்றும் வரவில்லை. "இதிலா ஸ்கேட் பண்ணினே?" என்றார். டிசம்பரில் பிளேடு ஏன் கடிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அத்தனை வீடியோ பார்த்தேனே, என் காலில் இருப்பது மொக்கை பிளேடு என்று எந்த வீடியோவுக்குத் தெரியும்?

அப்புறம் போகிற நேரத்தை மாற்றினேன். ஸாம்போனி என்கிற பனியைச் செதுக்கித் தண்ணீர் விட்டு மெழுகுகிற வண்டி (ஃபிராங்க் ஸாம்போனி என்ற அமெரிக்கர் 1949-ல் கண்டுபிடித்தது) போய் முடிந்தவுடன் இறங்கினேன். பனி அப்போது புதுசாய்த் துடைத்த கரும்பலகை. ஒரு தள்ளு, ஒரு காலில் வழுக்கு, நில், திரும்பிப் போய்க் குனிந்து பார்.

இரண்டு கோடு. ரயில் தண்டவாளம் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடு. அதாவது இரண்டு விளிம்பும் தொடுகிறது, நான் சாயவே இல்லை. மறுபடி. இரண்டு கோடு. முழங்காலை இன்னும் மடக்கினேன். இரண்டு கோடு, முனையில் மட்டும் ஒன்று மங்கல். பக்கத்தில் ஹாக்கி மட்டையோடு போன பையன்கள் நான் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதாக நினைத்து, "மோதிரமா?" என்று கேட்டார்கள்.

நிஜம் சொல்லட்டுமா? பயமாகத்தான் இருந்தது. சாயப்போகிற ஒவ்வொரு தடவையும் அந்த 'டக்' காதில் கேட்டது. மணிக்கட்டில் காப்புப் பட்டை, தலையில் ஹெல்மெட். முதல் இரண்டு நாள் வெறுமனே விழப் பழகினேன். முழங்கால் மடக்கி, கை விரலை மூடி, பக்கவாட்டில் இடுப்பு. முப்பது தடவையாவது விழுந்திருப்பேன். விழுவதற்கு ஒரு வழி இருக்கிறது என்று உடம்புக்கே தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் சாய அது சம்மதித்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை. ஆள் நடமாட்டம் குறைவு. வலது தோள் முன்னால், தலை நிமிர்ந்து, முழங்கால் மடக்கி, மொத்தமாக வலது பக்கம் சாய்ந்தேன். காலடியில் 'ஸ்ஸ்...' என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. அதுவரை கேட்டதில்லை. பாதை தானாக வளைந்தது, நான் ஒன்றுமே செய்யவில்லை. அரை வட்டம் போய் வேகம் தீர்ந்து நின்றேன். திரும்பிப் போய்க் குனிந்தேன்.

ஒரே கோடு!

கையுறையைக் கழற்றிவிட்டு, விரல் விறைக்க விறைக்கப் படம் எடுத்தேன். எடுத்து முடிக்கவும் ஸாம்போனி உள்ளே வரவும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து போன் வந்தது.

"இதுல என்னடா இருக்கு? தரையில ஏதோ கீறல்தானே தெரியுது?"

"ஆமாம்மா."

"கை நல்லா இருக்கா?"

"இருக்கும்மா."

"போகாதேன்னா கேட்கப் போறதில்லை. மேலே ஸ்வெட்டராவது போட்டுக்கிட்டியா?"