பழைய 'ஸ்போர்ட்ஸ்' மோட்டார்சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

செங்காங்கில் உள்ள வீவக பலமாடி வாகன நிறுத்துமிடம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை மாலை, என் சித்தி மகனுடன் பழைய கேடிஎம் மோட்டார்சைக்கிள் ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். வண்டிக்குக் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது. பக்கவாட்டில் எந்த எண்ணும் இல்லை. "ஆர்சி 200 தான் தம்பி, 2பி உரிமம் போதும்," என்றார் அங்கிருந்தவர். நண்பர் ஒருவருக்காக விற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்.

பதிவு விவரங்களைக் காட்டும்படி கேட்டோம். அவர் நண்பரை அழைத்துப் பேசினார். சற்று நேரத்தில் கைப்பேசிக்கு வந்த படத்தில் இயந்திரக் கொள்ளளவு 373 சிசி என்று இருந்தது. அது ஆர்சி 390. தம்பியிடம் இருப்பதோ 2பி உரிமம் மட்டுமே. முன்பணம் கொடுக்காமல் திரும்பினோம்.

அந்த ஒரு வரியைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உரிமம், காப்புறுதி இரண்டும் சிக்கல்

சிங்கப்பூரில் 2பி உரிமம் 200 சிசி வரையிலான மோட்டார்சைக்கிள்களுக்கு மட்டுமே செல்லும். 201 முதல் 400 சிசி வரை 2ஏ, அதற்கும் மேல் வகுப்பு 2. தகுந்த உரிமம் இன்றி ஓட்டினால், முதல் முறை பிடிபடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம்.

தோற்றத்தை மட்டும் பார்த்து வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிதன்று. 2014ல் வெளிவந்த ஆர்சி 200, ஆர்சி 390 இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உடல்தான். யமஹாவின் ஆர்25, ஆர்3 வண்டிகளும் இரட்டையர்களைப் போன்றவை. ஒன்று 249 சிசி, மற்றது 321 சிசி. ஸ்டிக்கரை உரித்துவிட்டால் பழகிய கண்ணும் தடுமாறும்.

ஒரே பெயர், நான்கு தலைமுறை

2பி உரிமம் உள்ள இளையர்கள் விரும்பும் யமஹா ஆர்15 விஷயத்தில் உரிமச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே சிக்கல் விலையில்.

2008ல் இந்தியாவில் அறிமுகமான முதல் ஆர்15க்கு 149 சிசி இயந்திரம், நீண்ட ஒற்றை இருக்கை. 2011ல் வந்த வி2ல் இருக்கை இரண்டாகப் பிரிந்தது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் அலுமினியத்துக்கு மாறியது.

2017ல் இந்தோனீசியாவிலும் 2018ல் இந்தியாவிலும் வெளிவந்த வி3 முற்றிலும் புதிய வண்டி. 155 சிசி இயந்திரம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,400 சுழற்சியை எட்டும்போது வால்வு திறக்கும் அளவை மாற்றிக்கொள்ளும் 'விவிஏ' தொழில்நுட்பமும் சேர்ந்தது.

வி3லேயே இரு வகை உண்டு. இந்தோனீசியத் தயாரிப்பின் முன் ஃபோர்க் தலைகீழ் வகை: தடித்த குழாய் மேலே, மெல்லிய குழாய் கீழே. இந்தியத் தயாரிப்பில் அது வழக்கமான வகை. 2021ல் வந்த வி4ஐ முகத்தின் நடுவே உள்ள ஒற்றை விளக்கைக் கொண்டு அடையாளம் காணலாம்.

ஆனால் ஃபோர்க், விளக்கு, இருக்கை எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். கண்ணால் பார்த்து முதல் கணிப்பைச் செய்யலாம்; முடிவு எடுக்க எண்கள் வேண்டும்.

சேசிஸ் எண் சொல்லும் செய்தி

சேசிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, கைப்பேசி விளக்கை அடித்தால் தெரியும்.

இப்போதைய வண்டிகளில் அது 17 எழுத்து, எண்களின் வரிசை. முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் குறிக்கும். யமஹாவில் 'எம்எச்3' என்றால் இந்தோனீசியா, 'எம்இ1' என்றால் இந்தியா. ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ மூன்றும் இந்த வரிசையில் வரவே கூடாது. ஒன்று, சுழியத்துடன் குழம்பும் என்பதால் விலக்கப்பட்டவை.

ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகத் தயாரான பழைய வண்டிகளில் எண் குறுகியதாக இருக்கும். ஹோண்டா சிபிஆர்400ஆர்ஆர் வண்டியில் 'என்சி23' என்று தொடங்கினால் முந்தைய தலைமுறை, 'என்சி29' என்றால் 1990ல் வந்த அடுத்த தலைமுறை.

இயந்திர எண் தனியாக இயந்திரத்தின் உலோகக் கூட்டில் இருக்கும். இரண்டில் எதுவும் சுரண்டப்பட்டோ, எழுத்துகள் கோணல்மாணலாகவோ இருந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

பதிவு விவரத்துடன் ஒப்பிடுங்கள்

உரிமையாளர் சிங்பாஸ் மூலம் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் 'ஒன்மோட்டரிங்' தளத்தில் நுழைந்தால் வாகனப் பதிவு விவரம் கிடைக்கும். படமாக அனுப்பச் சொல்வதைவிட, வண்டியின் பக்கத்தில் நின்றே திறந்து காட்டச் சொல்வது நல்லது. அதில் கவனிக்க வேண்டியவை:

* சேசிஸ் எண், இயந்திர எண்: வண்டியில் இருப்பவற்றுடன் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. இயந்திரத்தை மாற்ற ஆணையத்தின் அனுமதி தேவை.
* இயந்திரக் கொள்ளளவு: உங்கள் உரிமத்துக்கு உட்பட்டதா?
* தயாரிப்பு ஆண்டு, பதிவு நாள்: இரண்டும் ஒன்றல்ல. 2017ல் தயாரான வண்டி 2018ல் பதிவாகியிருக்கலாம். எந்தத் தலைமுறை என்பதற்குத் தயாரிப்பு ஆண்டே துணை.
* வாகன உரிமைச் சான்றிதழ் முடியும் நாள்: மோட்டார்சைக்கிளுக்கான சான்றிதழ்க் கட்டணம் 2022ல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. பழைய வண்டியின் விலையில் பெரும்பங்கு எஞ்சியுள்ள சான்றிதழ்க் காலத்துக்குத்தான்.
* கைமாறிய எண்ணிக்கை: 'ஒரே உரிமையாளர்' என்ற பேச்சு உண்மையா என்று தெரிந்துவிடும்.

ஹோண்டா என்எஸ்ஆர்150 போன்ற 'டூ ஸ்ட்ரோக்' வண்டிகள் மீது ஆசைப்படுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட்ட முடியாது. பின்சக்கரத்தை ஒரே பக்கமாகத் தாங்கும் 'எஸ்பி' வகை என்று கூடுதல் விலை சொன்னாலும், அந்தத் தேதி மாறாது.

மூன்று வாரம் கழித்துத் தம்பி ஆர்15 வி3 ஒன்றை வாங்கினான். பணம் கொடுப்பதற்கு முன், கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் எண்களை வாசிக்க, பதிவு விவரத்தில் ஒவ்வொன்றாக நான் சரிபார்த்தேன். ஐந்து நிமிட வேலைதான். விற்றவரும் முகம் சுளிக்கவில்லை. நேர்மையாக விற்பவருக்கு இந்தச் சோதனையில் இழப்பு ஏதும் இல்லையே.