கப்பல் பயணத்தில் திசைக்கும் ஒரு பெறுமதி உண்டு

உல்லாசக் கப்பல் பயணம் என்பது ஒரு காலத்தில் நமக்குப் படங்களில் மட்டும் பார்க்கக் கிடைத்த விடயம். இன்று நிலைமை மாறியுள்ளது. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் சிலர், நான்கைந்து நாள் கப்பல் பயணமொன்றையும் சேர்த்துக் கொள்கிறார்கள். பயணச்சீட்டுத் தொழிலோடு தொடர்புடையவன் என்பதால் இவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பரிச்சயமானவை. விலை என்ன? எந்த அறை? சாப்பாடு எப்படி? ஆனால், கப்பல் எந்தத் திசையில் செல்கிறது என்று கேட்பவர் மிகக் குறைவு. கரையோரப் பயணத்தில் கொடுத்த பணத்துக்குப் பெறுமதி கிடைப்பது பல வேளைகளில் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கோடையில் அலஸ்காவுக்கு ஓடும் கப்பல்கள் ஏப்ரல், மே மாதங்களில் லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற துறைமுகங்களிலிருந்து வடக்கே வன்கூவருக்குச் செல்கின்றன. செப்டெம்பர், ஒக்டோபரில் அதே வழியே தெற்கே திரும்புகின்றன. எப்படியும் இடம் மாறியாக வேண்டிய கப்பல் என்பதால் கட்டணம் பெரும்பாலும் மலிவு. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பலொன்று அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏற்றிய பயணிகளை நேரே இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்று இறக்குவதை 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. இப்பயணங்களின் ஒரு முனை கனடாவின் வன்கூவராக அமைவது இதனால்தான். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இரு நாட்டு வீசாவும் தேவை.

இனி காற்றுக்கு வருவோம். நமது நாட்டில் சோளகமும் வாடையும் ஆண்டுக்கு இருமுறை இடம் மாறுகின்றன. சோளகக் காலத்தில் ஹிக்கடுவ பக்கம் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலை அமைதியாக இருக்கும். அரபு வணிகர்கள் இந்த மாற்றத்தை நம்பியே போக்குவரத்துச் செய்தார்கள். பருவத்தைக் குறிக்கும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்தே 'மொன்சூன்' என்ற பெயரும் வந்தது. கலிபோர்னியாக் கரையில் நிலைமை வேறு. வசந்தத்திலும் கோடையிலும் வடகிழக்குப் பசிபிக்கின் மேல் உயர் அமுக்கம் நிலைகொள்வதால், கரையோரமாக வடமேற்குக் காற்று மாதக்கணக்கில் வீசுகிறது. மென்டோசினோ முனை, கொன்செப்ஷன் முனை ஆகியவற்றுக்கு அருகே அது மேலும் பலமடைகிறது. கலிபோர்னியா நீரோட்டமும் தெற்கு நோக்கியே ஓடுகிறது. எனவே தெற்கே செல்லும் கப்பலுக்கு இவை துணை. வடக்கே செல்லும் கப்பலுக்கோ எதிர்ப்பு.

இதன் வித்தியாசத்தைச் சிறிய கணக்கொன்றால் விளக்கலாம். 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலை, ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 30 கடல் மைல் வேகத்தில் நகரும். நமது கப்பலின் வேகம் 18 கடல் மைல் என்போம். அலையை நேரே எதிர்த்துச் சென்றால் இரண்டு வேகங்களும் கூடி, சுமார் 6 விநாடிக்கு ஓர் அலை மோதும். அதாவது நிமிடத்துக்கு ஒன்பது, பத்துத் தடவை கப்பலின் முன்பகுதி எழுந்து தாழும். அதே அலை பின்னாலிருந்து வந்தால் 25 விநாடிக்கு ஒருமுறைதான் அது கப்பலைக் கடக்கும். நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று மெதுவான அசைவுகளே. கடல் ஒன்று, அலை ஒன்று, அனுபவம் வேறு.

காற்றுக்கும் இதே கணக்குத்தான். 20 கடல் மைல் வேகக் காற்று எதிரே வீசினால் மேல்தளத்தில் நிற்பவருக்கு அது 38ஆகத் தெரியும். பின்னாலிருந்து வீசினால் 2 மட்டுமே. முதலாவது நிலையில் தளத்தில் நிற்பதே சிரமம். இரண்டாவதில் கதிரை போட்டு அமரலாம்.

கப்பலில் அலையாட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர்கள் உள்ளனவே என்று சிலர் கேட்கலாம். நீருக்கடியில் இருபுறமும் சிறகுபோல் நீளும் இவை பக்கவாட்டு ஆட்டத்தையே குறைக்கும். முன்னும் பின்னும் எழுந்து தாழும் அசைவை இவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. எதிர் அலையில் வருவது இந்த அசைவுதான்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியினர் பல வருடச் சேமிப்பில் மகளிடம் சென்றார்கள். மகன் இணையத்தில் மிக மலிவான கட்டணத்தைத் தேடி, மே மாதத்தில் வடக்கே செல்லும் பயணத்தைப் பதிவு செய்து கொடுத்திருந்தார். அறை கப்பலின் முன்பகுதியில், உயர்ந்த தளத்தில் இருந்தது. நான்கு நாளில் இரண்டு நாள் அந்த அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. வாழ்நாளில் ஒருமுறை செல்லும் பயணத்தில் மிச்சப்படுத்திய சில டொலர்கள் இலாபமா, நட்டமா? இந்தக் கணக்கை விலைப்பட்டியல் காட்டாது.

ஆயினும் திசை மட்டுமே உத்தரவாதம் ஆகாது. ஒக்டோபரின் பிற்பகுதியிலிருந்து வட பசிபிக்கில் தாழமுக்கங்கள் அடிக்கடி வரத் தொடங்கும். அவற்றுக்கு முன்னால் தெற்கிலிருந்து பலத்த காற்று வீசுவதால், தெற்கே செல்லும் கப்பலே அதை எதிர்கொள்ள நேரிடலாம். தூரத்துப் புயல்களின் பேரலை மேற்கிலிருந்து வந்தால், எத்திசையில் சென்றாலும் கப்பல் பக்கவாட்டில் ஆடும். எனவே திசையையும் மாதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இக்கரையில் செப்டெம்பரில் தெற்கே செல்லும் பயணம் பொதுவாக நல்ல தெரிவு.

பணம் செலுத்துமுன் நான்கு விடயங்களைக் கேட்டறியுங்கள். பயணம் எந்த மாதம்? அந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வீசும்? துறைமுகம் தொடாமல் கடலில் கழியும் நாட்கள் எத்தனை? அறை கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் கிடைக்குமா? அசைவு மிகக் குறைவான இடம் அதுவே. அங்கு ஜன்னல் இல்லாத அறையின் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. வடக்கே செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றால், இந்த அறையைத் தெரிவு செய்து, குமட்டலுக்கான மருந்தை வைத்தியரிடம் கேட்டு எடுத்துச் செல்லுங்கள். வயதான பெற்றோருக்குச் சீட்டு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் விலையைப் பார்ப்பதோடு நில்லாமல், வரைபடத்தையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது.